சரியாக வேலை செய்யும் தோட்டா

சுட்டு முடித்த கைத்துப்பாக்கித் தோட்டாவின் கூட்டைப் பொறுக்கி, சுத்தம் செய்து, மறுபடி மருந்து நிரப்பிப் புதுத் தோட்டாவாக ஆக்குவது அமெரிக்காவில் பல பேருக்கு ஒரு பொழுதுபோக்கு. ‘ரீலோடிங்’ என்பார்கள். தபால்தலை சேர்ப்பது, மீன்தொட்டி வைப்பது மாதிரி ஒன்று. கார் ஷெட்டில் ஒரு மூலை, கனமான ஒரு மேஜை, அதில் போல்ட் போட்டு இறுக்கிய ஒரு பிரஸ், குட்டித் தராசு, வெர்னியர் காலிப்பர், கொஞ்சம் டப்பாக்கள். சொந்த உபயோகத்துக்கு என்றால் அந்த நாட்டின் மத்தியச் சட்டப்படி இதற்கு உரிமம்கூடத் தேவையில்லை. விற்கப் போனால்தான் வேண்டும்.

துப்பாக்கி என்றாலே முகம் சுளிப்பவர்களுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் ஒரு பழைய அறக்கேள்வி இவ்வளவு தெளிவாகத் தெரிகிற இடம் அதிகமில்லை. ஒரு வேலையைக் கவனமாக, நேர்மையாக, பொறுமையாகச் செய்கிறோம். அந்தக் கவனம் மட்டுமே நம்மை நல்லவர்களாக ஆக்கிவிடுமா? செய்து முடித்த பொருள் வெளியே போய் என்ன செய்கிறது என்பதும் அந்தக் கவனத்தில் சேருமா, இல்லை அது வேறு யாரோ பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயமா?

முதலில் அந்த மேஜையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

*

தமிழில் எல்லாவற்றையும் ‘தோட்டா’ என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். உண்மையில் அது நான்கு பொருட்கள். பித்தளைக் கூடு. அதன் அடியில் சின்ன மூடி மாதிரி ஒரு பிரைமர். உள்ளே மருந்து. வாயில் செருகிய குண்டு. பிரைமர் என்றால் தீபாவளித் துப்பாக்கியில் போடும் பொட்டுவெடியை நினைத்துக்கொள்ளலாம். அடித்தால் வெடிக்கும். அந்தப் பொறியில் மருந்து பற்றி எரிந்து வாயுவாகி, குண்டைத் தள்ளும். சுட்ட பிறகு மூன்றும் போய்விடும். கூடு மட்டும் மிஞ்சும். அதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்பதுதான் இந்தப் பொழுதுபோக்கின் அடிப்படை.

இதில் ஒரு சின்ன வேடிக்கை உண்டு. 1860களில் இரண்டு வகை பிரைமர் அமைப்புகள் வந்தன. ஒன்று பாக்ஸர் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி உருவாக்கியது, இன்னொன்று பெர்டன் என்ற அமெரிக்கருடையது. பிரிட்டிஷ்காரரின் அமைப்பு அமெரிக்காவிலும், அமெரிக்கரின் அமைப்பு ஐரோப்பாவிலும் வேரூன்றிவிட்டன. பாக்ஸர் கூட்டில் அடியில் நடுவாக ஒரே ஒரு துளை. மேலிருந்து ஓர் ஊசியை அழுத்தினால் பழைய பிரைமர் கழன்று விழுந்துவிடும். பெர்டன் கூட்டில் பொதுவாக இரண்டு துளைகள், நடுவை விட்டு விலகி. வீட்டில் கழற்றுவது பெரும்பாடு. அமெரிக்காவில் இது இவ்வளவு பரவியதற்கு அந்த ஒற்றைத் துளையும் ஒரு காரணம்.

வேலை வரிசையாகப் போகும். கூட்டைச் சுத்தம் செய்வது. சுட்டபோது விரிந்த கூட்டை ஓர் அச்சுக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருவது. பழைய பிரைமரை எடுத்துப் புதியதை அமர்த்துவது. வாயைக் கொஞ்சம் விரிப்பது. மருந்தை அளந்து போடுவது. குண்டை உட்கார வைப்பது. விரித்த வாயை மறுபடி நேராக்கி இறுக்குவது. கைத்துப்பாக்கிக் கூடுகள் பெரும்பாலும் நேரான குழாய் மாதிரி இருப்பதால் கார்பைடு அச்சு வைத்திருப்பவர் ஒவ்வொரு கூட்டுக்கும் எண்ணெய் பூச வேண்டியதில்லை. புதிதாக வருபவரிடம் “ரைஃபிளை அப்புறம் பாத்துக்கலாம், கைத்துப்பாக்கியில ஆரம்பி” என்று சொல்வது இதனால்தான்.

மருந்தின் எடையைச் சொல்லும் அளவு ‘கிரெய்ன்’. வாற்கோதுமை மணியிலிருந்து வந்த அளவு. நம் ஊரில் பொன்னைக் குன்றிமணியால் நிறுத்ததைப் போல. ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன், ஒரு கிரெய்ன் சுமார் 65 மில்லிகிராம். அதிலும் பத்தில் ஒரு பங்கு கூடக்குறைய இருந்தால் தராசு காட்டிவிடும்.

ஏன் ஆரம்பிக்கிறார்கள்? காசு மிச்சம் என்பார்கள். போட்டிக்குப் பயிற்சி எடுப்பவர் ஆயிரக்கணக்கில் சுடுவார். கடைத் தோட்டா கட்டுப்படியாகாது. தன் துப்பாக்கிக்கு எது பொருந்துகிறதோ அதைத் தானே செய்துகொள்ளலாம் என்பது இன்னொரு காரணம். கொஞ்ச நாள் போன பிறகு உண்மையான காரணம் வேறாகிவிடும். செய்வதே பிடித்துப்போகும். கைப்பிடியை இழுத்தால் குண்டு ‘நச்’சென்று உட்காரும். காலிப்பரில் வைத்தால் ஐம்பதும் ஒரே நீளம். கைவேலை தெரிந்த எவருக்கும், பின்னல் போடுபவருக்கும் மிருதங்கத்துக்கு வார் பிடிப்பவருக்கும், அந்த நிறைவு புரியும்.

*

இந்த மேஜைக்கு என்று ஓர் ஒழுக்கம் இருக்கிறது. அது கறாரானது.

முதலில் பிரஸ் வாங்காதே, புத்தகம் வாங்கு. எந்தக் குண்டுக்கு எந்த மருந்து எவ்வளவு என்று சோதித்துப் பார்த்து அச்சிட்ட கையேடுகள் இருக்கின்றன. அதில் குறைந்த அளவில் தொடங்கு, மெதுவாக மேலே போ. யாரோ சொன்ன அளவை நம்பாதே. மேஜையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும். டிவி கூடாது, போன் கூடாது, பேச்சுக்கூடக் கூடாது. களைப்பாக இருந்தால் உட்காராதே. குண்டை வைப்பதற்கு முன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் விளக்கடித்துப் பார். முடிந்ததும் கையைக் கழுவு. பிரைமரில் ஈயக் கலவை இருக்கிறது. அந்தத் தூசி குழந்தைகள் இருக்கும் பக்கம் போகக் கூடாது.

இவற்றில் எதுவும் சும்மா சொன்னது இல்லை. மருந்து போட மறந்தால் பிரைமரின் பலத்திலேயே குண்டு கொஞ்ச தூரம் போய்க் குழலுக்குள் சிக்கிக்கொள்ளும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கலாம். இரண்டு முறை போட்டால் அழுத்தம் எகிறும். .38 ஸ்பெஷல் என்ற பழைய தோட்டாவில் இந்த ஆபத்து அதிகம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இடம் அடைக்கிற கரும்பொடி மருந்துக்காக வடிவமைத்த பெரிய கூடு அது. இன்றைய மருந்து அதன் அடியில் கொஞ்சமாகக் கிடக்கும். இரண்டு பங்கு போட்டாலும் வெளியே வழியாது. எட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

கடைசியாக ஒரு விதி: இன்னொருவர் நிரப்பிய தோட்டாவைச் சுடாதே. நண்பன் கொடுத்தாலும் வேண்டாம்.

இந்தப் பட்டியலைப் படிக்கும்போது எனக்கு மரியாதை வருகிறது. பத்து நிமிஷம் ஒரு விஷயத்தில் நிற்க முடியாத காலத்தில், ஐம்பது கூடுகளுக்குள் ஐம்பது முறை குனிந்து பார்க்கும் ஒருவர் ஏதோ ஒரு நல்ல குணத்தைப் பழகிக்கொண்டிருக்கிறார். தப்பு செய்தால் வேறு யாரையும் கைகாட்ட முடியாது. தன் வேலையின் விளைவைத் தன் கையிலேயே, தன் முகத்துக்கு முன்னாலேயே வாங்குகிறார். நம்மில் எத்தனை பேருடைய வேலை அப்படி?

ஆனால் அந்த விதிகளை மறுபடி ஒரு முறை வாசித்துப் பாருங்கள். அத்தனையும் ஒரே ஒரு கவலையைச் சுற்றியவை: தோட்டா பழுதாகிவிடக் கூடாது. பழுதே இல்லாமல் சரியாக வேலை செய்தால் என்ன ஆகும் என்பது பற்றி அதில் ஒரு விதிகூட இல்லை.

*

அரிஸ்டாட்டில் தன் அறநூலின் தொடக்கத்தில் ஒரு வரிசையைச் சொல்கிறார். குதிரைக்குக் கடிவாளம் செய்யும் கலை குதிரையேற்றத்துக்குக் கீழ்ப்பட்டது. குதிரையேற்றம் போர்க்கலைக்குக் கீழ்ப்பட்டது. ஒவ்வொரு கைத்தொழிலின் நோக்கமும் அதற்கு மேலே இருக்கும் இன்னொன்றின் கையில் இருக்கிறது. கடிவாளம் நல்ல கடிவாளமா என்று செய்பவர் சொல்லலாம். அந்தக் குதிரை எங்கே போகிறது என்பதை அவருடைய கலை சொல்லாது. பொருள் செய்யும் திறமை வேறு, எது செய்யத் தக்கது என்று தெரியும் விவேகம் வேறு என்று பிறகு தனியாகவே பிரித்துப் பேசுகிறார்.

இதையே நம் காலத்தில் வேறு விதமாகச் சந்தித்தவர் ரிச்சர்ட் சென்னட். கைவினைஞர்களைப் பற்றி அவர் 2008இல் எழுதிய நூலின் முன்னுரையில் ஒரு சந்திப்பு வருகிறது. 1962, கியூபா ஏவுகணை நெருக்கடி ஓய்ந்திருந்த நேரம். நியூயார்க் தெருவில் தன் ஆசிரியை ஹன்னா அரெண்ட்டைப் பார்க்கிறார். பொருட்களைச் செய்பவர்களுக்குத் தாங்கள் செய்வது என்னவென்று பொதுவாகப் புரிவதில்லை என்பது அரெண்ட்டின் எண்ணம். சென்னட் அதை ஏற்கவில்லை. கையும் யோசிக்கும், செய்யும்போதே மனிதன் கற்கிறான் என்பது அவருடைய பதில்.

ரீலோடிங் மேஜையில் இருவருக்கும் சாட்சி கிடைக்கும்.

அரெண்ட் பக்கத்துச் சாட்சி தோட்டாக்களின் வரலாறு. இன்று அதிகமாகப் புழங்கும் 9 மில்லிமீட்டர் தோட்டா, கேயார்க் லூகர் 1902 வாக்கில் ஜெர்மன் நிறுவனம் ஒன்றுக்காக வடிவமைத்தது. ‘பாராபெல்லம்’ என்பது அதன் இன்னொரு பெயர். ‘போருக்குத் தயாராகு’ என்று பொருள்படும் லத்தீன் தொடரின் வால் அது. .45 தோட்டாவின் பின்னணி இன்னும் கடினம். பிலிப்பைன்ஸில் மோரோ மக்களோடு நடந்த போரில் தங்கள் .38 ரிவால்வர்கள் ஆளை நிறுத்தவில்லை என்று அமெரிக்க ராணுவத்தில் புகார் எழுந்தது. 1904இல் தாம்ஸன் என்ற ராணுவ அதிகாரியும் லாகார்ட் என்ற ராணுவ மருத்துவரும் உயிருள்ள மாடுகளையும் மனிதச் சடலங்களையும் சுட்டுச் சோதித்தார்கள். .45க்குக் குறையக் கூடாது என்று முடிவு செய்தார்கள்.

இன்று ஒருவர் தன் .45 குண்டைக் காலிப்பரில் வைத்து அளக்கும்போது அந்த எண் யாருடைய உடம்பில் தீர்மானமானது என்பது அவர் கண்ணில் படுவதில்லை. அளவு சரியா என்பதுதான் கேள்வி. எதற்கான அளவு என்ற கேள்வி நூறு வருஷத்துக்கு முன்பே முடிந்துவிட்டது.

“அட, கத்தியாலயும்தான் குத்தலாம்” என்று யாரும் சொல்வார்கள். சொல்லலாம். ஆனால் காய் நறுக்கும் கத்தியின் நீளத்தை யாரும் சடலத்தில் சோதித்துத் தீர்மானிக்கவில்லை.

சென்னட் பக்கத்துச் சாட்சியும் உண்டு. பொழுதுபோக்காளர்கள் வெறுமனே வாங்கியதைத் திருப்பிச் செய்பவர்கள் இல்லை. ஐடஹோவில் பண்ணை வைத்திருந்த எல்மர் கீத் முதலிய கைநிரப்புக்காரர்கள் பழைய தோட்டாக்களில் கூடுதல் அழுத்தம் கொடுத்துச் செய்த பரிசோதனைகளின் தொடர்ச்சியாகத்தான் 1935இல் .357 மேக்னமும் 1955இல் .44 மேக்னமும் வந்தன. வீட்டு மேஜையில் செய்தது உலகத்தின் தோட்டாக்களையே மாற்றியது. இங்கே மாற்றம் அதிக பலத்தின் பக்கம் போனது.

எதிர்த் திசையிலும் போயிருக்கிறது. இலக்குச் சுடுதலில் ‘வாட்கட்டர்’ என்று ஒரு குண்டு உண்டு. மூக்கு கிடையாது, தட்டையான உருளை. காகிதத்தில் பட்டால் பஞ்சிங் மெஷின் போட்டது மாதிரி வட்டமாகத் துளை விழும். மதிப்பெண் போட வசதி. .38 ஸ்பெஷலில் இதை மெதுவான வேகத்தில், கூட்டின் விளிம்புக்குச் சமமாக அமர்த்திச் சுடுவார்கள். ஆளைக் கொல்லாது என்று அர்த்தமில்லை, கொல்லும். ஆனாலும் அதன் வடிவத்தைத் தீர்மானித்தது காகிதம். ஒரு பொருளின் நோக்கம் அதன் பிறப்பிலேயே முடிந்துவிடுவதில்லை, செய்பவர் அதைக் கொஞ்சமாவது திருப்ப முடியும் என்பதற்கு இந்த மொட்டைக் குண்டு ஓர் அடையாளம். திருப்ப முடியும் என்றால், “நான் செய்வதோடு சரி, மத்தது என் வேலை இல்லை” என்று சொல்ல முடியாமல் போகிறது.

*

அந்த ஷெட்டின் கதவு மூடியிருக்கிறது என்று நினைப்பதும் கஷ்டம். 2012 டிசம்பர் 14 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சட்டம் இறுகிவிடும் என்று பயந்து மக்கள் துப்பாக்கியும் தோட்டாவும் வாங்கிக் குவித்தார்கள். 2013 முழுக்கக் கடை அலமாரிகள் காலி. பிரைமர் கிடைக்கவில்லை, மருந்து கிடைக்கவில்லை. கடையில் தோட்டா இல்லாததாலேயே ரீலோடிங் கற்றுக்கொள்ள வந்தவர்களும் உண்டு. காகிதத்தை மட்டுமே சுடுகிற ஒருவர், பிரைமர் டப்பா இல்லாத அலமாரிக்கு முன்னால் சலிப்போடு நின்றிருப்பார். அவர் யாரையும் கொல்லவில்லை. அவர்மேல் பழி போடுவது அநியாயம். ஆனால் அவருடைய ஞாயிற்றுக்கிழமைக்கும் அந்தப் பள்ளிக்கும் சம்பந்தமே இல்லை என்று அந்தக் காலி அலமாரி சொல்லவில்லை.

இன்னொரு கணக்கு அவருக்கு இன்னும் பக்கத்தில் இருக்கிறது. 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர், பாதிக்கு மேல், தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். குழல் வெடித்துச் செத்தவர்கள் இல்லை. துப்பாக்கி சரியாக வேலை செய்தது, தோட்டாவும் சரியாக வேலை செய்தது.

இன்னொருவர் நிரப்பிய தோட்டாவை நம்பாதே என்ற விதியை இந்த எண்ணுக்குப் பக்கத்தில் வைத்தால் அது வேறு மாதிரி தெரிகிறது. அந்த மேஜை சொல்லித்தரும் சந்தேகம் முழுக்க மற்றவர் கையின் மேல். தன் கை நிதானமானது, நாளைக்கும் இதே நிதானத்தோடு இருக்கும் என்று அது எடுத்துக்கொள்கிறது. களைப்பாக இருந்தால் நிரப்பாதே என்று சொல்லத் தெரிந்த ஒழுக்கத்துக்கு, மனம் உடைந்திருந்தால் சாவியை வேறு ஒருவரிடம் கொடு என்று சொல்லத் தெரியவில்லை.

சொல்ல முடியாததா? இல்லை. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் 2009இல், ஒரே கடையில் துப்பாக்கி வாங்கிய மூன்று பேர் ஒரு வாரத்துக்குள், வாங்கிய சில மணி நேரத்திலேயே தற்கொலை செய்துகொண்டார்கள். மூவரும் ஒருவருக்கொருவர் தெரியாதவர்கள். விற்பனையில் சட்டப்படி ஒரு குறையும் இல்லை. விற்ற பொருளிலும் குறை இல்லை. கடைக்காரர் அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. அவரும் வேறு சில துப்பாக்கி வணிகர்களும் பொதுச்சுகாதார ஆட்களோடு உட்கார்ந்து பேசினார்கள். கடைகளுக்காக அவர்கள் தயாரித்த குறிப்புகளில் வாடிக்கையாளரிடம் எதைக் கவனிக்க வேண்டும் என்று எழுதினார்கள். துப்பாக்கி பற்றி எதுவும் தெரியாமல், பராமரிப்பில் அக்கறை இல்லாமல், கலங்கிய முகத்தோடு, அவசரமாக ஒன்று வாங்க வருபவரை நிறுத்திப் பேசு. விற்க மறுக்கலாம். வீட்டில் ஒருவர் மனம் சரியில்லாமல் இருக்கும் காலத்தில் துப்பாக்கியைக் கொஞ்ச நாள் வேறு இடத்தில் வை. பிறகு மற்ற மாநிலங்களிலும் இதை எடுத்துக்கொண்டார்கள்.

இதைச் செய்தவர்கள் துப்பாக்கிக்கு எதிரானவர்கள் இல்லை. தொழிலை விட்டுவிடவும் இல்லை. குறை இருக்கிறதா என்று குழலை எட்டிப் பார்த்துப் பழகிய கண்ணை எதிரே நிற்கும் மனிதரின் பக்கம் திருப்பினார்கள், அவ்வளவுதான்.

சிமோன் வெய்ல் இதைப் புரிந்துகொண்டிருப்பார். 1934-35இல் ஆலைகளில் கூலி வேலை செய்தவர், இயந்திரத்துக்கு முன்னால் நிற்பது என்னவென்று அறிந்தவர். மாணவர்களின் படிப்பைப் பற்றிய கட்டுரையில், ஒரு கணக்கில் மனதைச் செலுத்திப் பழகுவது வீண் போகாது, துன்பப்படும் ஒருவரைப் பார்த்து ‘உனக்கு என்ன ஆச்சு’ என்று உண்மையாகக் கேட்கும் சக்தியாக அது ஒரு நாள் மாறும் என்கிற மாதிரி எழுதுகிறார். எல்லாக் கவனமும் தானாக அப்படி மாறிவிடும் என்று நான் நம்பவில்லை. தராசு முள்ளைப் பார்ப்பதிலேயே ஆயுள் முழுக்க நின்றுவிடலாம். நின்றுவிட்டவர்கள் நிறைய. ஆனால் கவனிக்கவே பழகாதவருக்கு அந்த மாற்றத்துக்கான வாய்ப்பும் குறைவு. மேஜை பயிற்சி தருகிறது. எந்தப் பக்கம் பார்ப்பது என்பதை மேஜை தராது, அதை ஆள்தான் தீர்மானிக்க வேண்டும்.

*

இதைப் படிக்கும் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒரு ரீலோடிங் பிரஸ்ஸைத் தொடப்போவதில்லை. இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். அப்படி இருப்பது நல்லது என்றே நினைக்கிறேன்.

இருந்தாலும் மேஜை நம்மிடமும் இருக்கிறது. கடன் செயலிக்கு நிரல் எழுதும் ஒருவர் ராத்திரி இரண்டு மணி வரை பிழை தேடுகிறார். எல்லா டெஸ்ட்டும் பாஸ், நிரல் சுத்தம். அந்தச் செயலி சரியாக வேலை செய்தால், தவணை கட்ட முடியாதவரின் போனில் இருக்கும் அத்தனை எண்களுக்கும் மிரட்டல் போகும். எந்த டெஸ்ட்டிலும் அது பிழையாகக் காட்டாது. ஆயுத பூஜை அன்று போலீஸ் ஸ்டேஷனில் துப்பாக்கிக்கும் ஆபீஸில் கம்ப்யூட்டருக்கும் ஒரே சந்தனப் பொட்டுதான் வைக்கிறோம். இரண்டையும் ஒரே சொல்லால் ‘ஆயுதம்’ என்கிறோம். கருவிக்கு மரியாதை செய்யும் நல்ல வழக்கம். அது எங்கே போகிறது என்று கேட்கும் வழக்கமும் கூட இருந்திருக்கலாம்.

ரீலோடிங் தொடங்க நினைக்கும் ஒருவரிடம் ‘விட்டுவிடு’ என்று நான் சொல்ல மாட்டேன். கையேட்டை முதலில் வாங்கு, ஒரு நேரத்தில் ஒரு மருந்து, கூட்டுக்குள் விளக்கடித்துப் பார் என்ற அந்தப் பட்டியலோடு இன்னும் மூன்று கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன். இந்தக் குண்டின் வடிவம் காகிதத்துக்காகவா, உடம்புக்காகவா? இந்த வீட்டில் இந்தப் பெட்டியைத் திறக்கக் கூடியவர்கள் யார் யார், அவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள்? எனக்கே ஒரு கெட்ட காலம் வந்தால் சாவியை யாரிடம் கொடுப்பேன், அந்த ஆளிடம் இன்றைக்கே சொல்லிவைத்திருக்கிறேனா?

மருந்தின் எடையைப் போல இதற்கு அச்சிட்ட அட்டவணை கிடையாது. ஒவ்வொருவரும் தானே நிறுத்துப் பார்க்க வேண்டும். பத்தில் ஒரு கிரெய்ன் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிறவருக்கு அது முடியாத வேலை இல்லை.